காளை உண்டு, கவனம்

இரும்புக் கேட்டில் நான் தொங்கவிட்ட பலகை சொல்கிறது:
தனியார் நிலம். காளை உண்டு. கவனம்.
காளை இல்லை.
இருந்த ஒன்றை பாலிமோட் சந்தையில் விற்றுப்
பதினோரு வருடம்.
பலகைக்கு மட்டும் ஆண்டுக்கொரு முறை
வெள்ளையடித்து எழுதுகிறேன்.
தீனி கேட்காத காளை.

மேல்வயலின் ஓரத்தில் அந்தக் கற்திட்டை.
நிற்கும் கல் ஒன்பது, மேலே ஒரு மூடுகல்.
ஐயாயிரம் வருடமாய்
மழையை ஒரே பக்கமாய் வடித்துக்கொண்டிருக்கிறது.
டப்ளினிலிருந்து வந்த அதிகாரி
காலுறை நனைய நின்று விளக்கினார்:
கல் அரசின் காவலில், மிஸஸ் கில்மார்ட்டின்.
கல் நிற்கும் மண் உங்களுடையது.
கல்லுக்குப் போகும் வழி...
அங்கே கோப்பை மூடிவிட்டார்.

வழி என்பது என் சேறு,
என் மின்வேலி, என் சினைப்பசுக்கள்.
எவர் காலாவது பிசகினால்
என் பெயருக்கு வரும் வக்கீல் கடிதம்.

ஆனாலும் வந்தார்கள் அந்நாளில்.
லைப்சிக்கிலிருந்து ஒரு தம்பதி, மழைக்கோட்டு சரசரக்க.
செப்புக் கம்பி இரண்டை நீட்டிப் பிடித்து
அடியில் ஏதோ ஓடுகிறது, பழைய சக்தி, என்ற ஒருவர்.
ஓடுவது என் சாக்கடைக் குழாய்.
ஒரு பேருந்து நிறையப் பள்ளிப் பிள்ளைகள்;
கழிப்பறை எங்கே என்றாள் டீச்சர்.
எவரும் கேட்டை மூடவில்லை.
ஒரு ஞாயிறு என் கிடாரிகள் நான்கு
தேவாலயம் வரை நடந்து போய்
பூசை முடிந்து வந்தவர்களோடு
வாசலில் நின்றிருந்தன.
அதற்குப் பிறகுதான் பலகை.

இந்தப் பிப்ரவரியில், ஆலங்கட்டி இரவில்,
தலையீற்றுக்காரி ஒருத்தி கொட்டகையில் இல்லை.
டார்ச்சோடு தேடிப் போனேன்.
காற்றுக்குப் பயந்து கற்திட்டைக்குள் பின்னாலேயே நடந்து
பின்புறம் உள்ளே, தலை வெளியே,
வாயிலை அடைத்துக்கொண்டு முக்கினாள்.
முன்பக்கம் முழுக்கப் பசு.
பின்பக்கம் இரு கல்லுக்கு நடுவே
ஓர் ஆள் நுழையும் சந்து.

நாற்பத்து நான்கு வருடம் இந்த வயலை உழுதவள்
முதல் முறையாக உள்ளே போனேன்.
பக்கவாட்டில், வயிற்றை எக்கி,
யாரிடமும் அனுமதி கேட்காமல்.

உள்ளே ஈரமே இல்லை.
டார்ச் பல்லிடுக்கில். கை பசுவுக்குள்.
கன்றின் குளம்பு வழுக்கி வழுக்கிப் போக
கண் மட்டும் சும்மா சுற்றியது:
கரிந்த மெழுகுவர்த்தி அடிகள்,
சில சில்லறை, ஒற்றைக் கையுறை,
பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு புகைப்படம்.
பையனைத் தெரியும்.
ஓனா மல்வேனியின் ஃபின்டன்.
கிலிபெக்ஸ் படகில் போனவன்.
படகு கிடைத்தது.

மேற்குச் சுவரில் கற்கள் ஏன் சரிகின்றன என்று
மூன்று வருடமாய்ச் செம்மறிகளை ஏசிக்கொண்டிருக்கிறேன்.

படத்தை எடுத்து என் சட்டைக்குள் வைத்தேன்,
பனிக்குடத்து நீர் படக்கூடாதே என்று.
பிறகு இழுத்தேன்.
கன்று வந்தது, மூக்கில் வைக்கோலை விட்டுக் குடைந்ததும்
ஐயாயிரம் வருடத்து இருட்டில்
ஒரு தும்மல்.
விடியுமுன் படத்தைத் திரும்ப வைத்தேன்,
இருந்த இடத்திலேயே, இருந்த சாய்விலேயே.

ஓனாவை வெள்ளிக்கிழமை கடையில் பார்த்தேன்.
வெண்ணெய் விலையைப் பேசினோம்.
எங்கள் வீட்டுப் பக்கம் மழை எப்படி என்றாள்.
உங்கள் பக்கம் போலத்தான் என்றேன்.

அந்த வாரமே மேற்குச் சுவரைச் சீர்செய்தேன்.
சரிந்த இடத்தை அடைக்கவில்லை.
தட்டைக் கல் மூன்றைக் குறுக்கே நீட்டிப் பதித்தேன்,
மூட்டு வலிக்காரி ஒருத்தி
இருட்டில் ஏறும் உயரத்துக்கு.

பலகையில் காளை இருக்கட்டும்.
அதன் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்த்தேன்:
மேற்குப் பக்கம் வராது.