ப்ரீச்

காலிஃப்ளவர் இலை ஒட்டிய கையுறையோடே
உறையைக் கிழித்தாள் டங்குவொலே.
ஊர் பாஸ்டன். அமெரிக்காவில் இருப்பதல்ல,
லிங்கன்ஷயரில், கடலைவிடத் தாழ்ந்த வயல்களுக்கிடையே
சகதி நிற ஆற்றோடு கிடக்கும் மூத்த பாஸ்டன்.

குடியிருப்பு ஒப்பந்தம், விதி பதினான்கு.
தாங்கள் அதை ப்ரீச் செய்துள்ளீர்கள்.
கையொப்பம்: பின்ச்பெக், வாடகை முகவர்.

பிரேக் அவளுக்குத் தெரியும்.
பாக்கிங் ஷெட்டில் பதினைந்து நிமிடம்,
தேநீர், பாதி சிகரெட்.
தட்டு உடைந்தாலும் பிரேக்,
காதல் முறிந்தாலும் பிரேக்,
கூப்பிட்ட வேலைக்கெல்லாம் வரும் சொல்.
இது வேறு.
கோட்டு மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

கைப்பேசி அகராதி
அவளுடைய லிதுவேனிய மொழியில் ஒரு சொல்லை நீட்டியது.
அதன் வேர் காயம்.
விதியை மீறினால் விதிக்குப் புண்ணாகும் என்று
பிர்ச் மரங்களுக்கிடையே எவரோ எப்போதோ நினைத்திருக்கிறார்கள்.

பதினான்காம் விதியே,
உனக்கு எங்கே வலித்தது?
தம்பி ரிம்விதாஸ் பதினோரு இரவு தரையில் படுத்தான்.
அவனுடைய கேரவனில் ஹீட்டர் செத்துவிட்டது.
குறட்டை சுவர் தாண்டிவிடுமோ என்று
பாதித் தூக்கத்தில் கிடந்தான்.
அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை இரவு வடகடல் ஏறி வந்தது.
வானொலியில் ஒரு பெண்குரல், பதறாமல்:
ஆற்றங்கரை ப்ரீச் ஆகிவிட்டது.

அவள் ஒலியைக் கூட்டினாள்.
அதே சொல்.
கோட்டைக் கழற்றிவிட்டு, முழங்கால் சேற்றோடு.

உடைப்பெடுத்த ஆற்றுக்கு
யாரும் கடிதம் எழுதவில்லை.
பதினான்கு நாள் கெடு வைக்கவில்லை.
மணல்மூட்டையோடு ஓடினார்கள்.
ரிம்விதாஸும் ஓடினான்.
மார்க்கெட் தெருவில் எந்த அலுவலகம் என்று பார்க்காமல்
நனைந்த கோப்புப் பெட்டிகளை
மாடிக்கு ஏற்றிக் கொடுத்தான்.
ஒன்றில் அக்காளின் பெயர் இருந்திருக்கலாம்,
மை கரைந்து.

தமிழில் இதை எழுதும்போது எனக்கு ஒன்று உறுத்துகிறது.
உடைந்தது என்றால் அங்கே யாரும் இல்லை.
உடைத்தது என்றால் ஆள் உண்டு.
ஒரு மெல்லினம் வல்லினமாகும் தூரம்தான் குற்றம்.
மீறு என்பதற்கு அந்த இடைவெளிகூட இல்லை.
தானாய் மீறப்பட்ட விதியை நான் கேள்விப்பட்டதில்லை.
ஆள் வேண்டும் அதற்கு.
பெரும்பாலும் வாடகைக்கு இருக்கும் ஆள்.

ஜனவரியில் விசாரணை.
நீதிமன்றச் சுவரில் இடுப்பளவுக்கு ஈரக்கோடு.
மொழிபெயர்ப்பாளர் ரயிலைத் தவறவிட்டிருந்தார்.
"விதியை ப்ரீச் செய்தீர்களா?"

அவள் வானொலியை நினைத்தாள்.
"தண்ணீர் நிறைய," என்றாள்.
"கரை சின்னது."

நீதிபதியின் பேனா நின்றது.
பின்ச்பெக் இருமினார்,
தன் காலணி விளிம்பில் காய்ந்திருந்த சேற்றைப் பார்த்தபடி.

தீர்ப்பு என்னவென்று நான் விசாரிக்கவில்லை.
கரையில் உடைப்பை அடைத்த இடம் மட்டும்
இன்னும் தெரிகிறதாம்.
புது மண், கொஞ்சம் கறுப்பாக.
அதன்மேல் நாயோடு நடக்கிறார்கள்.