நோட்டம்

பொழியூரில் கயிற்று ஆலைக்குப் பின்னால்
பெரிய தொட்டி கட்டினார்கள்.
கல்லெறிந்தால் விழுகிற தூரத்தில் கடல்,
ஆனாலும் அவர்களுக்குக் குழாய்த் தண்ணீரில் ஒரு கடல் வேண்டும்.
மோட்டார் போட்டால் அலை.
அணைத்தால் சாப்பாடு.

நீரோடியிலிருந்து எல்லை தாண்டி நடந்தே போனேன்.
கவிழ்ந்த வள்ளத்தின் முதுகில்
பதினொரு நாள் கிடந்தவன் என்று
பங்கில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
பேரென்ன?
ததேயுஸ்.
கூட மிருகம் ஏதும் இருந்ததா?
இல்லை சார்.
இயக்குநருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

நீலச் சட்டை, நீலக் கால்சட்டை,
தலைக்கும் நீல உறை, கண்ணுக்கு இரண்டு ஓட்டை.
படகின் அந்த முனையில் நான் கிடக்கவேண்டும்.
இந்த முனையில் கதாநாயகப் பையன்.
அவன் பார்க்க ஒரு இடம் வேண்டும்,
அந்த இடம் நான்.
பிறகு என்னை அழித்துவிட்டுச் சிறுத்தையை வரைவார்களாம்.
நாளுக்கு ஆயிரத்து எண்ணூறு. மீன்குழம்பு வேறு.

பையன் கொச்சிக்காரன், நல்ல பிள்ளை.
அவன் உதட்டு வெடிப்புகளைக் காலையில் ஒட்டி
மாலையில் உரித்து
டப்பாவில் வைப்பாள் ஒரு பெண்.
என்னைப் பார்த்தாலே சிரிப்பு வந்தது அவனுக்கு.
இருபத்து மூன்று டேக்.
இயக்குநர் நனைந்த புத்தகத்தோடு வந்தார்.
இந்தப் பார்வைக்கு மட்டும் நாலு பக்கம் எழுதியிருக்கிறதாம்.
வாசித்தார். பசி என்று வந்தது, இருள் என்று வந்தது,
நெருப்பு என்று இரண்டு தடவை.
புரிந்ததுபோலத் தலையாட்டினேன்.

அப்போதுதான் அந்தப் பறவை.
ஒன்பதாம் நாள்.
டென்சிலும் பத்றோசும் ஆறாம் நாளே கை விட்டிருந்தார்கள்.
கறுப்பு, கழுத்தில் மட்டும் வெள்ளை,
எங்கள் பக்கம் அதற்குப் பெயர் கிடையாது.
ஒரு கை தள்ளி வந்து இறங்கியது.
கத்தவில்லை, கொத்தவில்லை,
என் கண்ணைப் பார்த்தது.
சந்தையில் சூரையின் கண்ணைப் பார்ப்போமே,
இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று,
அப்படி.
மூடினால் ஒரு அடி கிட்டே வரும்.
திறந்தால் நிற்கும்.
அவசரமே இல்லை அதற்கு.
விடியும்வரை திறந்தே வைத்திருந்தேன்.

அந்தப் பார்வையை ஓட்டைகள் வழியே
பையன்மேல் இறக்கினேன்.
யாரோ தும்மினார்கள்.
அவன் கையிலிருந்து துடுப்பு விழுந்தது.
கட் சொல்ல மறந்துபோனார் இயக்குநர்.
மதியம் அவன் வேறு பந்தியில் உட்கார்ந்தான்.

படம் களியக்காவிளையில் ஓடியது.
எமரன்சியா வந்தாள், மகள் ஜெனிலா வந்தாள்,
நூற்றிருபது ரூபாய்க்குப் பாப்கார்ன்.
அப்பா எங்கே?
சிறுத்த நிக்குத எடமெல்லாம் நான்தான் மக்கா.
பொய்.
வால் இருந்தது எனக்கு. நல்ல பல் இருந்தது.
முன்னங்காலை நக்கிக்கொண்டேன்,
சத்தியமாக நான் அப்படிச் செய்யவே இல்லை.
கொட்டகை கைதட்டியது.

பிறகு அது வந்தது.
பையனுக்குக் கண் சொருகுகிறது.
சிறுத்தை ஒரு அடி கிட்டே வருகிறது.
எமரன்சியா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
"இது ஒங்க நோட்டமாக்கும்.
எப்பிடித் தெரியும்ணு கேக்காண்டாம்.
ஏழு வருசமா, நடுராத்திரி முழிச்சா
நான் காணுதது இதுதான்."

கடைசியில் பெயர்கள் எறும்புச் சாரையாக ஏறின.
ஜெனிலா இருக்கைமேல் நின்று தேடினாள்.
அதற்குள் துடைப்பக்காரி வந்துவிட்டாள்.

கடைசி பஸ் கொல்லங்கோடுவரைதான்.
அங்கிருந்து நடை.
மகள் என் தோளில் தூங்கினாள்,
எமரன்சியா நாலடி முன்னால் போனாள்.
குரிசடி வளைவில் நின்று கேட்டாள்,
"அது என்னத்தயாக்கும்?"

"ஒரு பறவ."

"பேரு?"

"தெரியாது."

மறுபடி நடந்தாள்.
கொஞ்ச தூரம் போனபிறகு,
"அதுக்கும் பசிச்சிருக்கும்" என்றாள்,
செருப்பில் ஏறிய மணலை உதறிக்கொண்டே.