பச்சை

ஐந்து நாளைக்கொரு தரம்
தலைக்கு மேலே எழுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில்
அது கடந்து போகும். சத்தமில்லை.
மேகம் இருந்தால் மேகத்தைத்தான் தரும்.

கொயிம்ப்ராவில் மூன்றாம் மாடி, என் திரை.
உயிருள்ள இலை கண்ணுக்கு எட்டாத சிவப்பை
அள்ளித் திருப்பி அனுப்புமாம்,
அதனால் எங்கள் படத்தில் காடு செக்கச்செவேலென்றிருக்கும்.
எரிந்த இடம்தான் கரும்பச்சை.
புதிதாகச் சேர்பவர்கள் முதல் வாரம்
எல்லாவற்றையும் தலைகீழாகப் படிப்பார்கள்.

வாலே செர்ராதோ.
தீக்கு முந்தைய மாதம் புள்ளி ஏழு ஒன்று.
பிந்தைய மாதம் புள்ளி ஒன்று இரண்டு.
ஆறாம் வசந்தத்தில் புள்ளி ஆறு ஒன்பது.
'மீண்டது' என்று குறித்தேன்.
இரண்டு சதுரங்கள் மட்டும்
ஏறுவதும் விழுவதுமாக இருந்தன. பிழை. நீக்கினேன்.

நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி.

கிராசியெத் அரிவாளோடு கதவைத் திறந்தார்.
வேலிவரை யூகலிப்டஸ்,
கருகிய ஒவ்வொரு தூரிலும் ஏழு கொம்பு.
இடையில் மிமோசா, நுழைய வழியில்லாமல்.
செஸ்ட்நட் நின்ற இடம் எது என்றேன்.
காலால் காட்டினார்: ஒரு குழி.
தீ வேர்வழியே இறங்கி
மண்ணுக்குள் பதினோரு நாள் இருந்ததாம்.

"பச்சையாகத்தான் இருக்கிறது" என்றேன்,
வேறென்ன சொல்ல.
"பொய்யும் பச்சைதான்" என்றார்.

தேன்பெட்டிகள் இருபத்திரண்டு.
இலீதியு ஒவ்வொன்றாகத் திறந்துவிடப் போனார்.
பத்தொன்பது திறந்திருந்தன.
அதற்கு மேல் அவர் சொல்லவில்லை,
நானும் குறிப்பேட்டில் எதையோ எழுதுவதுபோல் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார்.
இடுப்பளவில் ஒரு மெத்ரோன்யு,
பழைய கட்டையிலிருந்து தானாகத் துளிர்த்தது.
சுற்றிலும் வெறும் மண்.
இரண்டு மாதத்துக்கொரு முறை
யூகலிப்டஸ் கன்றுகளை வெட்டித் தள்ளுகிறாராம்.
"வெயில் வேண்டாமா அதற்கு?"
போன அக்டோபரில் பூத்ததாம். ஒரு தேனீ வந்ததாம்.
காட்டுத் தேனீயா, பெட்டியிலிருந்து போனதன் வழிவந்ததா,
கேட்கவில்லை.

கைக்கருவியில் இடத்தைக் குறித்தபோது தெரிந்தது:
என் இரண்டு சதுரங்கள்.

"மேலேயிருந்து என்னைத் தெரியுமா?"
தெரியாது என்றேன்.
நீங்கள் வெட்டுவது தெரியும்.

அலுவலகம் திரும்பி
நீக்கியதை மீண்டும் சேர்த்தேன்.
சராசரி மூன்றாம் தசமத்தில் ஒரு புள்ளி சரிந்தது.
யாரும் கேட்கவில்லை.

அடுத்த சுற்று வியாழக்கிழமை.
புதனன்று அரிவாளைத் தீட்டப்போவதாகச் சொல்லியிருந்தார்.
மேகம் வராமலிருக்க வேண்டும்.