தலை எண்ணிக்கை

எட்டுப் பாகம். மூவாயிரத்து நாற்பது பக்கம்.
இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் மடக்க வேண்டும்.
பொள்ளாச்சி லாட்ஜில் ஃபேனை நிறுத்திவிட்டுக்
காட்சி அட்டைகளைக் கட்டிலில் பரப்பினேன்.
முதல் நாள் மட்டும்
மூன்று அரசிகள், பேசும் ஏரி ஒன்று,
வால் முளைத்த தளபதி
என் கையால் போனார்கள்.
மறுநாள்
ஒன்பது நிலவில் ஏழை அணைத்தேன்.
கிராஃபிக்ஸ்காரர் போனில் சொன்னார்:
"ரெண்டே அதிகம் மேடம்.
ஒண்ணுன்னா வானம் சும்மாவே கெடைக்கும்."

எழுதியவரிடம் கையெழுத்து வாங்கக்
கோபாலபுரம் பஸ் ஏறினேன்.
எல்லைக்கு இந்தப் பக்கம் கடைசி வீடு.
அந்தப் பக்கம் முதல் கடையில்
லாட்டரிச் சீட்டுகள் காற்றில் படபடக்கின்றன.
தனபாக்கியம்
வணிகவரி செக்போஸ்ட்டில்
இருபத்தாறு வருடம் லாரி நம்பர் எழுதியவர்.
ராத்திரி ஷிப்டில்,
வைக்கோல் லாரிக்கும் கோழி லாரிக்கும் நடுவே
அதே பேனாவில்
ஒரு சாம்ராஜ்யத்தையும் எழுதியவர்.

மன்னிப்பைத் தயாராக மடித்துக் கொண்டுபோயிருந்தேன்.
அவர் கண்ணாடியை மாட்டினார்,
சிவப்புப் பேனாவை எடுத்தார்.
"ரெட்டையர்ல ஒருத்தன் போதுங் கண்ணு.
பத்திரிகைல பக்கம் நெரப்பச் சொன்னாங்க,
இன்னொருத்தனப் பெத்துப் போட்டேன்."
மலைக்கோட்டை முற்றுகையை ஒரே கோட்டில் அடித்தார்.
பத்தாம் வகுப்பில்
கணக்குப் புத்தகத்துக்குள் ஒளித்து நான் அழுத அத்தியாயம்.
அது இருக்கட்டுமே என்றேன்.
"அப்ப எனக்குப் பல்வலி.
அவசரம் எழுத்துலயே தெரியும் பாருங்க."

நான் எடுத்துவிட்ட ஓர் அட்டையில்
பேனா நின்றது.
ஐந்தாம் பாகம். கணவாயில் இருப்பவன்.
பெயர் கிடையாது. வசனம் இரண்டு.
செத்தவர்களின் படை
ஒரு ராத்திரி முழுக்க மலையைக் கடக்கிறது.
ஊரே ஓடுகிறது.
அவன் திரியைத் தூண்டிவிட்டு
எண்ணி எழுதுகிறான்:
பதினோராயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு.

"இவன எடுத்துட்டீங்களா?"
"கதைய நகர்த்தலீங்க, அவன்."
"நகர்த்த மாட்டான்.
நகர்ந்து போறத எழுதறவன்."
ஒரு டேங்கர் லாரி வீட்டை அதிரவைத்துக் கடந்தது.
அவர் உதடு அசைந்தது. நம்பராக இருக்கலாம்.
"இவன் இல்லீன்னா
அத்தன பேரு செத்ததுக்குக் கணக்கே இல்லீங்க."
பேனாவை மூடிவிட்டார்.
கையெழுத்து வரவில்லை.

அட்டையைத் திரும்ப வைத்தேன்.
காட்சி எழுபத்தொன்று. பத்து வினாடி.

செம்மணாம்பதி அடிவாரத்தில் எடுத்தோம்.
சாம்பல் பூசிய துணை நடிகர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
மிச்சப் பதினோராயிரத்து நூறு கம்ப்யூட்டரில்.
எண்ணுகிறவனாக
முதலமடை மாங்காய் மண்டியில்
கூடை கணக்கெழுதும் சாமிக்குட்டி.
"சும்மா எழுதற மாதிரி கைய ஆட்டுங்க போதும்"
என்றார் டைரக்டர்.
தலையாட்டினார் சாமிக்குட்டி.

பேக்கப் ஆனபின் அந்த நோட்டைப் பிரித்தேன்.
நான்கு கோடு, குறுக்கே ஒன்று.
நான்கு கோடு, குறுக்கே ஒன்று.
பக்கம் பக்கமாக வேலி போட்டிருந்தார்.
கடைசியில், வட்டத்துக்குள்:
இருநூற்று ஒன்பது.

அன்றிரவு தனபாக்கியத்திடம் போனில் சொன்னேன்.
எடிட்டில் பத்து வினாடி நான்காகும் என்பதையும்.
அதை அவர் காதில் வாங்கவில்லை.
"கூப்பிட்டது எத்தன பேர?"
"இருநூத்திப் பன்னெண்டு."
"அப்ப மூணு எங்க?"
குரலில் பழைய யூனிஃபார்ம்.

விசாரித்தேன்.
முகத்துச் சாம்பலோடு
அந்தப் பக்கத்துக் கள்ளுக்கடை பெஞ்சில்
மத்தியானமே போய் உட்கார்ந்திருக்கிறார்கள்.
செத்தவர்களென்று
யாரும் காசு கேட்கவில்லையாம்.