ஈரம் போக

ஞாயிறு மாலை தேவாலயக் கூடத்து விருந்தில்
உருளைக்கிழங்கு அடைத்த பெரோகிக் கொழுக்கட்டை
ஏழு தின்றாள் வெர்னா.
உப்பில் ஊறிய வெள்ளரி எத்தனை என்று
எண்ணவில்லை.

திங்கள் காலை தராசு
எண்பத்து மூன்று புள்ளி இரண்டு என்றது.
சனிக்கிழமை எண்பத்தொன்று புள்ளி ஏழு.
ஆறு வாரமாக ரொட்டியைக் கண்ணால் மட்டும் பார்த்தவள்
தராசைக் காலாலேயே
கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள்.
காலுறை பதிந்த தடம் கணுக்காலில் மறையவில்லை.
மோதிரம் விரல் மூட்டைத் தாண்டவில்லை.

சஸ்காட்செவனில் அறுவடை முடிகிற மாதம்.
தானியக் கிடங்கின் எடைமேடையில்
லாரியை நிறுத்துவாள், பிறகு நிறுப்பாள்.
இருபது வருடமாக அதுதான் வேலை.

ஆர்டன் கிளாசென் ஜன்னலில் குனிந்து கத்தினான்:
"எடை எடைதானே, எதற்குக் கழிக்கிறாய்?"
ஒரு கை கோதுமையை ஈரமானியில் கொட்டினாள்.
பதினாறு.
"பதினாலரைக்கு மேலே இருப்பது
உன் கோதுமை இல்லை, ஆர்டன்.
போன வியாழன் பெய்த மழை.
மழைக்கு நான் காசு தருவதில்லை."

சீட்டு எழுதிய பேனா
பாதியில் நின்றது.

ஒன்றரைக் கிலோ கொழுப்பு ஏற
நூறு கொழுக்கட்டையாவது உள்ளே போயிருக்க வேண்டும்.
கூடத்துக்கே அன்று அவித்தது
அவ்வளவுதான் இருக்கும்.
உப்பு தன் பங்குக்கு நீரைப் பிடித்து வைக்கும்.
மாவு தன் பங்கைக் கேட்கும்.
மாதத்தில் இந்த நாலைந்து நாள்
தண்ணீருக்கு உடம்பில்
வாடகை இல்லாத அறை.

தெரிந்தது. தெரிந்து என்ன,
புதன்கிழமை எண்பத்து மூன்று புள்ளி நான்கு.
வாயில் பல்துலக்கியோடு
குளியலறை விளிம்பில் உட்கார்ந்து அழுதாள்.
ஊரார் லாரிக்கு உள்ள நியாயம்
வெறுங்காலோடு நிற்கிறவளுக்கு
உடனே வந்து சேர்வதில்லை.

வியாழன் இரவு மூன்று முறை எழுந்து போனாள்.
விடிந்ததும் மோதிரம் தானாகச் சுழன்றது.
எண்பத்தொன்று புள்ளி மூன்று.
துள்ளவில்லை அவள்.
இறங்கியதிலும் பெரும்பகுதி தண்ணீர்தானே.
குறிப்பேட்டில் ஆறு வாரத்து எண்களை
பென்சிலால் கோத்துப் பார்த்தாள்:
பல் பல்லாய் ஏறி இறங்கிய கோடு
பக்கத்தின் ஓரத்துக்கு வரும்போது
கொஞ்சம் தாழ்ந்துதான் இருந்தது.
கொஞ்சம்தான்.

"என்ன வெர்னா, ஒரே வாரத்தில் இளைத்துவிட்டாயே?"
காலி லாரியோடு வந்த ஆர்டன் கேட்டான்.

"இளைக்கவில்லை," என்றாள்,
"காய்ந்திருக்கிறேன்.
வண்டியை இன்னும் கொஞ்சம் முன்னால் எடு,
பின்சக்கரம் வெளியே நிற்கிறது."