பாதியில் நின்ற கூரை

வெர்னா டார்ச்சைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள்.
பேச முடியாது. அதுவும் நல்லதுக்குத்தான்.

கூரை அந்தரத்தில் நின்றது,
மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை.
வங்கி வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு
வருகிறீர்களா இல்லையா என்று
கண்ணால் கேட்கிற ஆளைப் போல.
நேற்று மதியத்திலிருந்து இப்படி.
லூனன்பர்க் துறைமுகத்து மூடுபனி
ஆறு மணிக்கெல்லாம் மழையாகிவிடும் என்றது வானொலி.

எண்பத்தெட்டாம் வருஷத்துக் கார்.
வெர்னாவை விட்டுப்போன பிறகு கார்ல்டன் வாங்கியது,
என்னை விட்டுப்போனபோது விட்டுப்போனது.
சாவி ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது.

இந்த மாதிரி மோட்டார் யாருக்குத் தெரியும் என்று விசாரித்தேன்.
மூன்று பேர் ஒரே பெயரைச் சொன்னார்கள்.
சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள்.
மீன்பிடிப் படகுகளின் வின்ச்சுகளைப் பழுதுபார்ப்பவள்.
ஃபோனில் "எந்த மார்செல்?" என்றாள்.
"நீங்கள் நினைக்கிற மார்செல்தான்."
கொஞ்ச நேரம் கடல் இரைந்தது, அல்லது லைன்.
"பட்டனை அமுக்கினால் சத்தம் வருதா?"

சத்தமே இல்லையென்றால் ஃப்யூஸ், ரிலே, சுவிட்ச்.
சத்தம் ஜோராக வந்தும் அசையாவிட்டால் எண்ணெய்.
இதுவோ முனகியது,
சாப்பிடக் கூப்பிட்டால் போர்வைக்குள்ளிருந்து
இதோ என்று மட்டும் சொல்கிற பிள்ளை மாதிரி.

பின்சீட்டைக் கழற்றி வெளியே புல்லில் வைத்தோம்.
அடியில் சில்லறைக் காசுகள், தூண்டில் முள் ஒன்று,
காய்ந்த ஆரஞ்சுத் தோல்,
என்னுடையதும் அல்லாத, அவளுடையதும் அல்லாத
ஒற்றைத் தோடு.
டார்ச் வெளிச்சம் அதன்மேல் ஒரு கணம் நின்றது.
பிறகு நகர்ந்தது.

எண்ணெய் மட்டம் சரி.
ஃப்யூஸ் பெட்டியில் ஃப்யூஸ் இல்லை.
அந்த இடத்தில் சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாள்,
நாலாய் மடித்துத் திணித்தது.
டார்ச் அவள் வாயிலிருந்து விழுந்தது.
"மடிச்சிருக்கிற விதத்தைப் பார்."
ஓரங்களை நகத்தால் நீவுவான். எனக்கும் தெரியும்.
மளிகை ரசீதை, அபராதச் சீட்டை,
இரவு வர நேரமாகும் என்று எழுதிய துண்டுக் காகிதத்தை.
முதலில் சிரித்தது யாரென்று நினைவில்லை.
சீட்டு இல்லாத பள்ளத்தில் மண்டியிட்டு
வயிறு வலிக்கச் சிரித்தோம்.
"கார் எரிஞ்சு போயிருக்கும்" என்றாள் கண்ணைத் துடைத்தபடி,
"நீயும் உள்ளே இருந்திருப்பே."

முப்பது ஆம்பியர் ஃப்யூஸ் போட்டும் அதே முனகல்.
மீட்டரை எடுத்தாள்.
பேட்டரியில் பன்னிரண்டு புள்ளி நான்கு.
மோட்டாரிடம் வந்து சேர்வது ஏழு.
"போகிற வழியைத்தான் எல்லாரும் தேடுவாங்க.
திரும்பி வர்ற வழியைப் பார்க்கிறதில்லை."
மின்சாரத்தைப் பற்றித்தான் சொன்னாள்.

கறுப்பு வயரின் பின்னாலேயே அவள் விரல் போனது,
கம்பளத்துக்கு அடியில், சக்கர வளைவுக்கு மேலே.
ஒரு போல்ட். உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்தது.
இதற்குப் பெயர் எர்த்.
நாலு ரப்பர் டயரின் மேல் நிற்கிற,
மண்ணைத் தொடவே தொடாத வண்டிக்கு
எர்த்.

உப்பு அரித்ததை உப்புத்தாளால் தேய்த்தேன்,
வளையம் செம்பு நிறத்துக்கு வரும்வரை.
அவள் முறுக்கினாள்.
பட்டனை யார் அமுக்குவது என்று சின்னத் தயக்கம்.
"உன் கார்."

கூரை எழுந்தது.
வலப்பக்கம் விறுவிறுவென்று, இடப்பக்கம் நொண்டியபடி.
அங்கே சிலிண்டர் கசிகிறதாம். அடுத்த மாதச் செலவு.
கண்ணாடிச் சட்டத்துக்கு இரண்டு விரல் முன்னால் நின்றுவிட்டது,
வருஷக்கணக்கான குளிரில் துணி சுருங்கியிருந்தது.
ஆளுக்கொரு கொக்கியில் தொங்கி இழுத்தோம்.
அவள் பக்கம் முதலில் டக்.
என் பக்கம் மூன்றாவது இழுப்பில்.

மழை சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது.
முன்சீட்டுகளில் உட்கார்ந்து
தலைக்கு மேல் அது தட்டுவதைக் கேட்டோம்.
ஒரு சொட்டுகூட உள்ளே இல்லை.
வெளியே புல்லில்
பின்சீட்டு நனைந்துகொண்டிருந்தது.
இருவருமே பார்த்தோம்.
யாரும் எழுந்திருக்கவில்லை.