மூன்றாவது பல்

ஏற்காட்டிலிருந்து இறங்கிய மழைக்கு
ஒதுங்கத்தான் உள்ளே போனோம்.
எங்களுக்கு ஆளுக்கு ஐந்து ரூபாய், மதிக்கு மூன்று.

முற்றத்தில் நடுகற்கள்,
ரேஷன் கடை வாசலில் நிற்பவர்கள்போல்.
ஒருவன் கழுத்தில் அம்பு, இன்னும் மாட்டை விடவில்லை.
மாதேஸ்வரி செருப்பைக் கழற்றினாள்.
கோயில் இல்லை இது என்றேன்.
கேட்கவில்லை.

அதற்கப்பால் ஒரு மூடுகல்.
கல்திட்டையின் கூரையாம்.
பார்த்ததுமே எடை போட்டேன்:
மூன்று டன், மூன்றேகால்.
என் வண்டி தூக்காது, பின்சக்கரம் எழும்பிவிடும்.
கயிறு, மரம், மண் சரிவு,
இவ்வளவுதான் இருந்திருக்கும் அவர்களிடம்.
இடப்பக்கம் விடு, விடு, நிறுத்து என்று
ஒருவன் தொண்டை கிழியக் கத்தியிருப்பான்.
அவனுக்கும் அன்று மதியச் சோறு ஆறிப்போயிருக்கும்.

உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தாழி.
மதி எழுத்துக்கூட்டி வாசித்தாள்:
முதுமக்கள் தாழி. சாலைப் பணியின்போது
கண்டெடுக்கப்பட்டது. சற்றே சிதைந்துள்ளது.

விளிம்புக்குக் கீழே கீறல்கள்.
இரண்டு,
ஒரு வெற்றிடம்,
இரண்டு.

அந்த ஆவணியில் என் பக்கெட்டில்
மூன்றாவது பல் இல்லை.
தாரமங்கலம் ரோட்டுப் பாறையில் உடைந்தது,
முதலாளி மாற்றித் தரவில்லை.
பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. டீசல் முள் கீழே.
மண்ணும் கல்லும் போடாத ஒரு சத்தம் கேட்டது,
பானைச் சத்தம்.
லிவரை விட என் கைக்கு
அரை நொடி பிடித்தது.
அந்த அரை நொடிக்குத்தான்
இங்கே விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

சுற்றியிருந்த பதினாறு கற்களைக்
காலையிலேயே தள்ளியிருந்தேன்.
வட்டமாக இருந்தன.
வட்டமாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேதான் தள்ளினேன்.
மேம்பால ஏற்றத்துக்கு அடியில் கிடக்கின்றன இப்போது.
நேற்றுகூட அவற்றின் மேல் டீ குடிக்கப் போனேன்.

கண்ணாடியில கை வைக்காதீங்க என்றார் காவலர்.
எடுத்தேன்.

யாருப்பா கண்டெடுத்தது? என்றாள் மதி,
பள்ளி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு.
தாழியைப் பார்த்தேன். அதற்கு வாயைத் தவிர ஒன்றுமில்லை.
ஆபரேட்டர் என்றேன்.

அவள் அதைப் பெயர் என்று நினைத்து
எழுதிக்கொண்டாள்,
கடைசி ர்-க்குப் புள்ளி வைக்காமல்.

மழை விட்டிருந்தது.
நடுகல்லின் காலடியில் மாதேஸ்வரி
செருப்பைக் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.
போலாமா என்றாள்.
வண்டிச் சாவி எந்தப் பையில் என்று
எனக்குச் சட்டென்று நினைவு வரவில்லை.